கோர்ட் சீட்டு கட்டிய சங்கு

ஆன்ஸ் லாமி துறை
வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி

அன்பு மகள் ஜோசெட்டுக்கு,

அம்மா எழுதுவது. இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளை டெல்ராயும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லும், உனக்குத் தெரியும், இன்றைக்கு விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. உன் தம்பி ஆல்சிட் நாலு மணிக்கே படகை எடுத்துக்கொண்டு சூரை மீன் பிடிக்கப் போய்விட்டான், கூட டைட்டஸ். பகல் பன்னிரண்டு, மிஞ்சிப்போனால் ஒரு மணிக்குள் வந்துவிடுவார்கள். அடுப்பில் சீமைப்பலாவைச் சுடப் போட்டுவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நம் வெர்னா டீச்சர் நாளைக் காலை உங்கள் டொராண்டோவுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்பத்தான் இவ்வளவு அவசரம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ, ஏம்மா இப்படிப் பண்ற, யாரைக் கேட்டுப் பண்ணே என்று ஆரம்பித்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

கோர்ட் விஷயம் முடிந்துவிட்டது என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன், எப்படி முடிந்தது என்று சொல்லவில்லை. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஹெஸ்கித்தை உனக்குத் தெரியும், டைட்டஸின் அண்ணன், என்னோடு ஒரே வகுப்பில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். முப்பத்து நாலு வருஷம் இங்கிலாந்தில் பஸ் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, நம் துறைக்கு மேலே மேட்டில் மூன்று அறை கட்டிச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். அவர்கள் ஒன்பது மணி வரை தூங்க வேண்டுமாம். கோலா மீன் காலத்தில் படகு விடிகாலையிலேயே வந்துவிடும், நான் சங்கு ஊதுவேன், ஊரே மீன் வாங்கப் பேசின் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரும், இதற்கு என்றைக்கு யார் உத்தரவு கேட்டார்கள். ஹெஸ்கித் இரண்டு தரம் வந்து, எலோடி, கொஞ்சம் மெதுவா ஊதேன், இல்லன்னா போன்ல மெசேஜ் போடேன் என்று சொல்லிப் பார்த்தான். சங்கில் மெதுவாக என்று ஒன்று இருக்கிறதா. உன் தம்பி டைட்டஸ் பிடிச்ச மீன் வேணும், அது வந்த சத்தம் மட்டும் வேண்டாமாடா உனக்கு என்று கேட்டு அனுப்பிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள், அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாம் தரம் அவன் வரவில்லை, கான்ஸ்டபிள் ரோலன் வந்தான். வந்தவன் முதலில் என் கையால் பொரித்த ரொட்டியும் உப்புமீனும் தின்றான், இன்னொன்று கேட்டு வாங்கியும் தின்றான், பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மா எலோடி, கோவிச்சுக்காதீங்க, மேலேருந்து குடுக்கச் சொன்னாங்க என்று ஒரு காகிதத்தை நீட்டினான். பொது இடத்தில் தொந்தரவு, டவுன் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று இருந்தது. போகும்போது சாட்சிக்கு வேண்டும் என்று சுவரில் இருந்த சங்கையும் கழற்றிக்கொண்டு போனான். சுவரில் வெறும் ஆணிதான் மிச்சம்.

கோர்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் போனேன், உன் மானத்தை வாங்கவில்லை. எனக்கு முன்னால் இரண்டு வழக்கு. ஒருவனுடைய ஆடு கோயில் பூவை எல்லாம் தின்றுவிட்டது, இன்னொருவன் காரில் பாட்டுப் பெட்டி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் சுற்றியிருக்கிறான். அவர்களோடு பெஞ்சில் நானும். மாஜிஸ்திரேட் ஒரு பெண், என் வயதில் பாதி இருப்பாள், மரியாதையான பெண்தான். மேஜை மேல் நம் சங்கு, கழுத்தில் கயிறு போட்டு எண் எழுதிய சீட்டு கட்டியிருந்தது. இந்தச் சின்னப் பொருள்ல அவ்வளவு சத்தம் வருமா என்று அந்த அம்மா கேட்டாள். உடனே போலீஸ் சார்ஜென்ட், நான் ஊதிக் காட்டறேன் என்று எடுத்து வாயில் வைத்தான். ஐயோ ஜோசெட், அவன் கன்னம் வீங்கியதும் எச்சில் தெறித்ததும், சத்தம் மட்டும் வரவே இல்லை. ஆட்டுக்காரன் சிரிக்கிறான், கோர்ட் எழுத்தர் சிரிக்கிறார். என் சங்கை அப்படி அசிங்கப்படுத்துவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. குடுங்க சார் என்று வாங்கி, என் கை தானாகப் போய்விட்டது, நீளமாக ஒரு ஊது ஊதிவிட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை, டவுன் கடற்கரைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பேசினோடு கோர்ட் படியில் ஏறி வந்து, என்ன மீன், என்ன மீன் என்று கேட்கிறார்கள். மாஜிஸ்திரேட்டே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கையை எடுத்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. இதுக்கு மேல எனக்குச் சாட்சி வேண்டாம்மா, நானே கேட்டுட்டேன் என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் செய்த தப்பு. ஊதியது தப்பில்லை, பேசாமல் இருந்தது தப்பு. அந்த அம்மா பேனாவை எடுக்குமுன் என்னைப் பார்த்து, மீன் வந்ததைச் சொல்றதுக்குத் தவிர வேற எதுக்காவது இதை ஊதுவீங்களா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று கேட்டாள். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் கேட்டாள். வேற எதுக்கும் இல்லைங்க என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியாதா வேறெதற்கு என்று. மழை மறைத்துக் கரை தெரியாமல் போனால், துறை வாயில் இருக்கிற இரண்டு பாறைக்கும் நடுவே போகிற வழியைப் படகு எதை வைத்துப் பிடிக்கும். மூன்று குறுக்கல், ஒரு நீட்டல், ஊதிவிட்டு நிறுத்திக் காது கொடுக்க வேண்டும், படகில் இருக்கிற சங்கு பதில் சொல்லும் வரை ஊத வேண்டும். எந்த வீட்டு ஆள் படகில் இருக்கிறாரோ அந்த வீட்டார்தான் ஊதலாம். ஆனால் அந்த ஊதலைப் பற்றி நல்ல நாளில் வாயெடுக்கக் கூடாது. படகு கடலில் இருக்கும்போது எடுக்கவே கூடாது. அன்றைக்கு ஆல்சிட் கடலில் இருந்தான். அந்த வார்த்தையைச் சொன்னால் கடல் கேட்டுக்கொள்ளும் என்று நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. டவுனில் படித்த பெண்ணுக்கு இது எப்படித் தெரியும். அவள் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டாள், நான் சொன்னதை வைத்துத் தீர்ப்புச் சொன்னாள். ஒரு வருஷத்துக்கு அந்தத் துறையில உங்க வீட்டுச் சங்குச் சத்தம் கேட்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் கேட்கக் கூடாது, கேட்டா இரண்டு வாரம் ஜெயில், இன்னைக்கு எழுதாம விட்ட குற்றத்தையும் சேர்த்து எழுதிடுவேன் என்றாள். எழுத்தர் நல்ல மனுஷர், வெளியே வந்து சங்கைக் கையில் கொடுத்துவிட்டு, மா எலோடி, உங்க பேர்ல இப்போ ஒண்ணும் ஏறல, மகள்கிட்டப் போக விசாவுக்குப் போலீஸ் காகிதம் வாங்கணும்னீங்களே, அது சுத்தமா இருக்கணும்னா ஒரு வருஷம் வாயை மூடிட்டு இருங்க என்றார். சீட்டை அவிழ்க்கவே மறந்துவிட்டார்கள், நானும் அவிழ்க்கவில்லை, அப்படியே ஆணியில் மாட்டினேன்.

ஆகஸ்டில் உன் பிரசவத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன், வேறு யாருக்கும் பயந்து இல்லை. உன் முதல் பிள்ளை போனபோது நான் பக்கத்தில் இல்லை. இந்த முறை இருப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். இப்போது மீன் வந்தால் ஆல்சிட் போனில் எல்லாருக்கும் மெசேஜ் போடுகிறான், பாதிப் பேர் பார்ப்பதற்குள் மீன் வாடிவிடுகிறது, அது போகட்டும். துறை ரொம்ப அமைதியாக இருக்கிறது மகளே, எனக்கு அது பிடிக்கவில்லை. போன வாரம் ஒரு சின்ன மழைதான், அரை மணி நேரம், அதற்கே ஆல்சிட் வழி தப்பிப் பாறையில் படகின் பக்கத்தை உரசிக்கொண்டு வந்தான். போன்லயே வழி தெரியுதும்மா, நீ கவலைப்படாதே என்று சிரித்தான். ஆனால் சோறு தின்னும்போது தலையைத் தூக்காமல், நீ ஊதலன்னா எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கும்மா என்றான். ஹெஸ்கித் ஒரு கேக் கொண்டுவந்து மதில் மேல் வைத்துவிட்டுப் போனான். பன்றிக்குப் போட்டேன்.

இப்போது மணி ஒன்றரை. நடுவில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தெற்கு முனை தெரியவில்லை. மழை கடல் மேல் சாம்பல் துணி கட்டின மாதிரி நின்றுகொண்டிருந்தது, இப்போது நடந்து வருகிறது. மற்ற இரண்டு படகும் வந்துவிட்டன. அவர்களிடம் கேட்டேன். மிதவைக்கு அந்தப் பக்கம் பார்த்தோம், இன்ஜின் மூடியைக் கழற்றி வச்சுட்டு டைட்டஸ் குனிஞ்சுட்டு இருந்தான், கையைக் காட்டினோம், போங்க போங்கன்னு ஆல்சிட் கை காட்டினான் என்றார்கள். விட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, அவர்களுக்கும் வீடு இருக்கிறது. போன் அடித்தேன், மணி போகவே இல்லை. சீமைப்பலா கருகிப்போயிற்று. நீ பயப்படாதே, இன்ஜின் நின்றால் அவன் பாய் கட்டிக்கொண்டாவது வருவான்.

மணி மூன்று. உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அதை வேறு யாரிடமும் சொல்லாதே. சங்கை இரண்டு மணிக்கே ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். அப்போதே மழை துறைக்குள் வந்துவிட்டது, வாசலில் நின்றால் படகு இழுக்கும் மணல்கூடத் தெரியவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊதவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஊதினால் உன்னிடம் வர முடியாது, ஊதாவிட்டால் அவன் வர முடியாது, இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு, இதோ வந்துவிடுவான், இன்னும் ஐந்து நிமிஷம், இன்னும் ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்திருந்தேன். பெற்ற தாய் இப்படி உட்கார்ந்திருப்பாளா. அந்த ஒரு மணி நேரத்தில் அவன் பாறைக்கு வெளியே வந்து நின்று காது கொடுத்திருந்தால், ஒன்றும் கேட்காமல் வேறு பக்கம் திருப்பியிருந்தால், அதற்கு மாஜிஸ்திரேட்டைச் சொல்ல முடியாது, ஹெஸ்கித்தைச் சொல்ல முடியாது. என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஊதிவிட்டேன் ஜோசெட். மூன்று குறுக்கல், ஒரு நீட்டல். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. யாரும் பேசினோடு வரவில்லை. எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள், அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது, போடுங்கடா தொப்பியை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை என்று கத்தினேன். ஊதினேன், காது கொடுத்தேன், மழைச் சத்தம்தான். கால் மணிக்கு ஒருமுறை என்று இல்லை, மூச்சு வந்தபோதெல்லாம் ஊதினேன். ரோலன் நனைந்துகொண்டே ஓடி வந்தான். சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து, மா எலோடி, நான் எழுதித்தான் ஆகணும், மேட்டுலேருந்து டவுன் வரைக்கும் கேட்டிருக்கும், எழுதலன்னா என் வேலை போயிடும் என்றான். எழுதுப்பா, ஆனா வாசலை மறைக்காதே, சத்தம் கடல் பக்கம் போகணும் என்றேன். தள்ளி நின்றுகொண்டு எழுதினான். நேரம் மூன்று பத்து என்று எழுதினான், நான் பார்த்தேன். எழுதியதைக் கிழித்து என் மேஜை மேல் வைத்திருக்கிறான், இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை நான் டவுனுக்குப் போக வேண்டும்.

மணி ஐந்து ஆகப்போகிறது, வெளிச்சம் குறைகிறது. நான் எப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பாய். நாலரைக்கு என் மூச்சு நின்றுவிட்டது, கண் இருட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது மேட்டிலிருந்து ஹெஸ்கித் இறங்கி வந்தான், குடை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு, ஒன்று சேற்றில் போய்விட்டது. என் முகத்தைப் பார்க்காமல், டைட்டஸ் போன் எடுக்கலை எலோடி, காலையிலேருந்து எடுக்கலை என்றான். நாளைக்கே போய் என் புகாரை வாபஸ் வாங்கிடறேன் என்றான். நாளைக்கா என்றேன். அதற்குப் பிறகு கையை நீட்டினான். அவன் வீட்டு ஆளும் அந்தப் படகில்தான் இருக்கிறான், அதனால் கொடுத்தேன். முதலில் அந்த சார்ஜென்ட் மாதிரிதான், வெறும் காற்று. கன்னத்தை ஊதாதே, உதட்டை இறுக்குடா, சின்ன வயசுல ஊதினவன்தானே நீ என்று திட்டினேன். ஏழெட்டுத் தரம் கழித்துச் சத்தம் வந்தது. கிழட்டுச் சத்தம்தான், ஆனால் வருகிறது. இதோ இப்போதும் வாசலில் ஊதிக்கொண்டிருக்கிறான், கோர்ட் சீட்டு அவன் மணிக்கட்டில் அடித்துக்கொண்டிருக்கிறது. ரோலன் பக்கத்தில் நிற்கிறான். அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொரு ஊதலுக்குப் பிறகும் நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் கேட்கிறோம். இன்னும் ஒன்றும் இல்லை.

ஆகவே மகளே, ஆகஸ்டில் அம்மா வர முடியாது. அந்தப் போலீஸ் காகிதம் இனி சுத்தமாக வராது. நீ அழுவாய் என்று தெரியும், அழு, ஆனால் படுத்துக்கொண்டு அழாதே, எழுந்து நட. வலி வந்தால் டெல்ராயிடம் முதலிலேயே சொல், பெருமைக்காகப் பொறுத்துக்கொண்டிருக்காதே, அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. பிள்ளை பிறந்ததும் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டு, ஒன்பது நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, டாக்டர் சிரித்தாலும் பரவாயில்லை. நம் வீட்டு வாசனை மரத்து இலையைக் காயவைத்து டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன், தேநீர் போட்டுக் குடி. ஊதாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் உனக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன், அதற்காக நீ உன்னை நொந்துகொள்ளக் கூடாது. அது என் கணக்கு. யாராவது உன்னிடம் கேட்டால், ஆமாம், என் அம்மா ஊதினாள் என்று சொல், ஊதவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், உன் பிள்ளைக்கு நீண்ட மூச்சைக் கொடுக்கட்டும். ரோலன் இந்தக் கடிதத்தை டீச்சர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்கிறான், அவள் காலை ஏழு மணிக்குத்தான் கிளம்புகிறாள், அதுவரை நேரம் இருக்கிறது. ஒன்றே ஒன்றை மறக்காதே. ஆல்சிட் அதற்குள் கரை ஏறிவிட்டால் நேரே டீச்சர் வீட்டுக்கு ஓடிப்போய் உறையின் பின்பக்கம் அவன் கையாலேயே அவன் பேரை எழுதச் சொல்லியிருப்பேன். நீ எப்போதும் போல அவசரமாகக் கிழித்துப் போட்டிருப்பாய். போய் அந்த உறையை எடுத்துத் திருப்பிப் பார்.

உன் அம்மா,
எலோடி